மூன்று பெயரில் ஒருத்தி

...உங்கள் கல்லூரியும் நிறுவனமும் போடப்போகும் ஒப்பந்தத்தாள்கள் மேசைமேல் தயாராக இருக்கின்றன. இருக்கட்டும். விருந்தினராக வந்த நான், கையெழுத்துக்கு முன் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சின்னக் கதைதான். பின்வரிசையில் கைபேசி பார்க்கிற பிள்ளைகளே, அதைப் பைக்குள் வையுங்கள். காத்திருக்கிறேன்... நன்றி.

இதே மாதிரி ஒரு கல்லூரி. இதே மாதிரி ஒரு மென்பொருள் நிறுவனம். அவர்கள் கல்லூரிக்கு லேப் கட்டிக் கொடுத்தார்கள். கூடவே ஒரு நிபந்தனை. மாணவர்கள் மூன்று மூன்று பேராகச் சேர்ந்து ஒரு செயலி செய்ய வேண்டும். செய்யும்போது ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வதையும் கணினியிலேயே எழுதி வைக்க வேண்டும். கடைசியில் நிறுவனத்தார் நேரில் வந்து பார்ப்பார்கள். பிடித்திருந்தால் வேலை.

சுகிர்தா வகுப்பில் முதல் மாணவி. தாய் தகப்பன் இல்லை. சித்தப்பா வீட்டில் வளர்ந்தவள். அந்த வீட்டில் இன்னொரு கரண்டி குழம்புகூடக் கேட்டு வாங்கிப் பழகாதவள். இந்த வேலை கிடைத்தால்தான் தனக்கென்று ஓர் அறை, ஒரு சாவி. அவளோடு சேர்க்கப்பட்டவர்கள் ரஹ்மத், பேச்சியம்மாள். இருவரும் வெளியூரிலிருந்து தினமும் பஸ் பிடித்து வருகிறவர்கள்.

மூவரும் எடுத்துக்கொண்டது பஸ் நேரம் சொல்லும் செயலி. முதல் நாள் ரஹ்மத் வந்து கேட்டாள்.

"ஏட்டி, நான் என்ன செய்யணும்?"

"நீ ஒண்ணும் செய்ய வேண்டாம். பாஸ்வேர்ட மட்டும் சொல்லு."

"நெசமாவா?"

"நீங்க ஏதாவது தப்பாப் பண்ணி என் வேலை போச்சுன்னா?"

இருவரும் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அன்றிலிருந்து சுகிர்தா மட்டும் லேபில். மூன்று பேர் வேலையும் அவளே செய்தாள். அது பெரிதல்ல, பிள்ளைகளே. மூன்று பேர் பேச்சையும் அவளே பேசினாள்! ரஹ்மத் பெயரில் உள்ளே போய், "அடுத்த பஸ்ஸை மட்டும் காட்டினால் போதாதா?" என்று எழுதுவாள். தன் பெயரில் வந்து, "அதில் இடம் இல்லை என்றால்?" என்று கேட்பாள். பேச்சியம்மாள் பெயரில், "சரி, இரண்டையும் காட்டுவோம்" என்று சமாதானம் செய்வாள். ஒருநாள் ரஹ்மத் பெயரில், "நீ சாப்பிட்டாயா?" என்றுகூட எழுதினாள். "சாப்பிட்டேன்" என்று தானே பதிலும் எழுதினாள்.

சிரிக்கிறீர்கள்... நானும் கேட்டபோது சிரிக்கத்தான் செய்தேன். வீட்டுக்குப் போன பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

நேர்முக நாள் வந்தது. நிறுவனத்திலிருந்து சந்தானம் என்று ஓர் அதிகாரி. மூவரையும் எதிரே உட்கார வைத்தார்.

"உங்க மூணு பேர் பேச்சையும் படிச்சேன். ரொம்ப நல்லா சண்டை போட்டிருக்கீங்க. ரஹ்மத், நீங்கதான் விடாம கேள்வி கேட்டிருக்கீங்க. அடுத்த பஸ் மட்டும் போதும்னு ஏன் சொன்னீங்க?"

ரஹ்மத் சுகிர்தாவைப் பார்த்தாள். சுகிர்தா தரையைப் பார்த்தாள்.

"சார்... நான்னா அப்படிச் சொல்லவே மாட்டேன். எனக்கு அடுத்த பஸ் எதுக்கு? கடைசி பஸ் போயிட்டா, இல்லையா? அதத்தான் கேப்பேன். அதை விட்டா நான் வீட்டுக்குப் போக முடியாதுல்லா?"

சந்தானம் செயலியைத் தட்டித் தட்டிப் பார்த்தார். கடைசி பஸ் என்று தனியாக எங்குமே இல்லை.

பேச்சியம்மாளுக்கு வாய் சும்மா இருக்குமா? "எங்க ஊருக்கு மழை பெஞ்சா பஸ்ஸே வராது சார். இதுல பாத்தா ஜம்முனு வருது!"

"சுகிர்தா, நீங்க எந்த பஸ்ல வருவீங்க?"

"நான்... நடந்துதான் சார் வருவேன்."

பிறகு அவளே சொன்னாள்: "மூணு பேர் பேச்சும் நான் எழுதினது சார்."

அவர் கோபப்படவில்லை. "வேலை சுத்தமா இருக்கு. ஆனா உங்களைத் தனியா எங்களால எடுத்துக்க முடியாதும்மா. ஒரு மாசம் கழிச்சு வரேன். அன்னிக்கு மூணு பேரும் பேசணும்" என்று எழுந்துவிட்டார்.

வெளியே வராந்தாவில் திட்டு விழும் என்று சுகிர்தா காத்து நின்றாள். பேச்சியம்மாள் கேட்டது வேறு.

"ஏட்டி, எம் பேர்ல எழுதினியே, அதுல நான் எப்படிப் பேசுதேன்?"

"எல்லாத்துக்கும் சரின்னு சொல்லுவே."

"அப்ப அது நான் இல்லட்டி! எங்கம்மைகிட்ட வேணா கேட்டுப் பாரு."

ரஹ்மத் சிரிக்கவில்லை. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். நாலு எட்டு போனதும் சுகிர்தா கூப்பிட்டாள். யாரிடமும் எதுவும் கேட்காத அந்தப் பிள்ளை கேட்டாள்.

"ரஹ்மத்... கடைசி பஸ்ஸ எப்படிச் சேக்கலாம்னு... கொஞ்சம் வந்து சொல்லுவியா?"

ரஹ்மத் திரும்பி நின்றாள். "இப்பமாவது கேட்டியே. வா, ஆறே முக்காலுக்குத்தான் கடைசி பஸ், அது வரைக்கும் இருக்கேன்."

வேலை கிடைத்ததா என்றுதானே கேட்கிறீர்கள்? மறு மாதம் சுகிர்தாவுக்குக் கிடைத்தது, ரஹ்மத்துக்கும் கிடைத்தது. பேச்சியம்மாள், "நாள் பூரா திரையப் பாத்துட்டிருக்க என்னால ஆகாது" என்று பி.எட். சேர்ந்துவிட்டாள். அவள் இஷ்டம்.

நிறுவனத்திலிருந்து வந்திருப்பவர்களே, நீங்கள் கணினி தருகிறீர்கள், பாடம் தருகிறீர்கள். மகிழ்ச்சி. அந்த லேபில் ஒரு பிள்ளை மூன்று பேராக நடித்துக்கொண்டிருந்தால் அது உங்கள் கண்ணில் படுமா? சந்தானத்தைப் போல நேரில் வந்து உட்கார்ந்தால்தான் படும். பேராசிரியர்களே, செயலி ஓடுகிறதா என்று பார்த்து மதிப்பெண் போட்டுவிடாதீர்கள். பிள்ளைகள் பேசிக்கொள்கிறார்களா என்று பாருங்கள்.

பிள்ளைகளே, உங்களுக்கு ஒன்று. என் கணவர் போன பிறகு என் வீட்டிலும் கேள்வி கேட்பது நான்தான், பதில் சொல்வதும் நான்தான். பதில் எப்போதும் எனக்குப் பிடித்தமாதிரியே வரும். அதனால்தான் அதில் ஒரு பயனும் இல்லை. எனக்கு வேறு வழியில்லை. உங்களுக்கு இருக்கிறது. இன்று மாலை புது லேபுக்குள் போகும்போது, பக்கத்து நாற்காலியில் உங்கள் பையை வைக்காதீர்கள்.