தர்மபுரத்தின் வோட்டுக்காக ஒரு நிமிடம்

தலைமைக் கதிரையில் இருக்கும் பத்மாசனி ரீச்சர் அவர்களே! மேடையில் இருக்கும் பெரியோர்களே! தகப்பனைப் பறிகொடுத்துவிட்டு முன்வரிசையில் இருக்கும் மகள் சிவலட்சுமி! மழை என்றும் பாராமல் வவுனியாவின் நாலு பக்கத்திலிருந்தும் செட்டிகுளத்திலிருந்தும் வந்திருக்கும் சங்கத்து உறவுகளே! உங்கள் எல்லோருக்கும் இந்த யஹ்யாவின் சலாமும் வணக்கமும்.

உலகத் தமிழ்க் கணினிப் பதிவுச் சங்கங்களின் கூட்டணித் தலைவர், ஏழு சங்கங்களைச் சிதறவிடாமல் பிடித்து வைத்திருந்த பெருமகன், சுடலைமுத்து ஐயா நம்மை விட்டுப் போய் இன்றைக்கு எட்டாம் நாள். அழுதுகொண்டு வாசிப்பதற்கென்று நான் எழுதி வைத்த கடதாசி இதோ, சட்டைப்பையில் கிடக்கிறது. அதை வாசிக்கப் போவதில்லை. ஏனென்றால் இன்று காலை பத்தரை மணிக்கு என் நெஞ்சிலிருந்து பெரிய பாரம் ஒன்று இறங்கிவிட்டது. இரங்கல் கூட்டத்தில் நின்றுகொண்டு, "அப்பாடா, நிம்மதி" என்று சொல்லும் ஆளை நீங்கள் எங்காவது கண்டிருக்கிறீர்களா? இப்போது காணுங்கள். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், பிறகு ஏசுங்கள்.

புதிதாக வந்திருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. பழைய ஏடுகள், கூத்துக் கொப்பிகள், நின்றுபோன பத்திரிகைகள் இவற்றையெல்லாம் கணினியில் ஏற்றி, ஒரு நாட்டில் ஏற்றியதை இன்னொரு நாட்டில் தேடிப் படிக்க வழிசெய்யும் சங்கங்களின் கூட்டணி எங்களுடையது. தொண்ணூற்றாறாம் ஆண்டு வவுனியாவும் தர்மபுரமும் என்று இரண்டே சங்கங்கள். இன்றைக்கு ரொறன்ரோ, லண்டன், பாரிஸ், சென்னை, கோலாலம்பூர் சேர்ந்து ஏழு. யார் சேரக் கேட்டாலும் ஐயா ஒரே பதில்தான் எழுதுவார்: "விண்ணப்பத்தை விடுங்க. நீங்க ஏத்தின பக்கம் ஒண்ணு அனுப்புங்க." மாலையும் பொன்னாடையும் பிடித்துக்கொண்டு வந்த எத்தனையோ பேர் அந்த ஒரு பக்கத்தோடு காணாமல் போனார்கள்! பக்கம் அனுப்பியவர்கள் நிலைத்தார்கள்.

தலைமையகம் எது தெரியுமா? என்னுடைய கடை! தொண்ணூறாம் ஆண்டு எங்கள் முஸ்லிம் சனத்தையெல்லாம் வெளியேற்றியபோது முல்லைத்தீவிலிருந்து ஒரு உடுப்புப் பையோடு வெளிக்கிட்டு வந்த நான், இங்கே நாலு போனும் ஒரு ஃபாக்ஸும் வைத்துக் கடை திறந்தேன். அச்சகத்தில் எழுத்துக் கோர்த்துக்கொண்டிருந்த ஐயா, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மை படிந்த விரலோடு வந்து அந்தப் பிளாஸ்ரிக் கதிரையில் இருப்பார். கனடாக்காரர் எல்லா நாட்டையும் ஒரே லைனில் கோர்த்துவிடுவார்கள். ஐயா ஒவ்வொரு சங்கமாகப் பேர் கூப்பிடுவார். "ரொறன்ரோ?" "இருக்கிறம் ஐயா." "சென்னை?" "இருக்கோம்." இப்படியே போய், "தர்மபுரம்?" என்பார்.

பதில் வருமா? எப்படி வரும்! சண்டை நடக்கும் எல்லைக்கு அந்தப் பக்கம், வன்னிக்குள் இருக்கும் தர்மபுரத்தில் போன் இல்லை. மின்சாரம் இல்லை. கணினி கொண்டுபோக அனுமதியும் இல்லை. அங்கேயுள்ள நாலு பேர், பிள்ளைகள் கணக்குச் செய்கிற சதுரக் கொப்பியில், ஒரு கட்டத்துக்கு ஒரு எழுத்தாகப் பழைய கொப்பிகளைப் பார்த்து எழுதுவார்கள். அப்படி எழுதினால் எந்த ஊர்த் தட்டச்சுக்காரருக்கும் எழுத்துத் தடுமாறாது. கொப்பி இங்கே வந்துசேர இரண்டு மாதமும் ஆகும், ஐந்து மாதமும் ஆகும். அதுதான் அவர்களின் சங்கம்.

ஆனாலும் ஐயா கூப்பிடுவார். கூப்பிட்டுவிட்டு, சுவர் மணிக்கூட்டைப் பார்த்தபடி ஒரு முழு நிமிடம் காத்திருப்பார். அஞ்சு நாட்டுக்காரர் மூச்சுக் காட்டாமல் லைனில் இருப்பார்கள்! நான் ரிசீவரைப் பொத்திக்கொண்டு, "ஐயா, விசர் வேலை பாக்காதேங்கோ!" என்று எத்தனை தரம் கத்தியிருப்பேன்! ரொறன்ரோச் செயலாளர் சுதாகரன் ஒருநாள் கேட்டேவிட்டார்: "அவைக்குப் போனே இல்லை. ஆரை ஐயா கூப்பிடுறியள்?" ஐயா சொன்னார்: "போன் இல்லைன்னா பேரும் இல்லாமப் போயிருமா தம்பி?"

அன்றைக்குத் தேத்தண்ணி குடிக்கும்போதுதான் எனக்குக் கதையைச் சொன்னார். மலையகத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர் அவர், சுதந்திரத்துக்குப் பிறகு குடியுரிமையும் வோட்டும் பறிபோன சனம். "எங்கப்பா ஒரே ஒரு தடவதான் ஓட்டுப் போட்டாரு, யஹ்யா தம்பி. அடுத்த தடவ வெள்ள வேட்டி கட்டிக்கிட்டுப் போனாரு. பொழுது சாயிற வரைக்கும் நின்னாரு. அவரு பேர யாருமே கூப்பிடல. அதான் நான் கூப்பிடுறேன்." முல்லைத்தீவில் எங்கள் வாப்பாவின் பேரிலும் ஒரு வோட்டு இருந்தது. அதற்குப் பிறகு நான் ரிசீவரைப் பொத்தவில்லை.

அவர் வைத்த விதி இதுதான். ஒரு சங்கத்துக்கு ஒரு வோட்டு. கடைசிச் சங்கத்தின் கடிதம் வந்து, அதைக் கூட்டத்தில் பிரித்து வாசிக்கும்வரை எந்த முடிவும் முடிவல்ல! இந்த விதியால் தொண்ணூற்றெட்டில் நாங்கள் உடையப் பார்த்தோம். ஒவ்வொரு சங்கமும் வேறு வேறு எழுத்துரு பாவித்ததால், ரொறன்ரோவின் டிஸ்க்கை இங்கே திறந்தால் ஒரு சொல்லும் வாசிக்க முடியாது. ஒரே முறைக்கு வரவேண்டும். எங்கள் முறையா, ரொறன்ரோ முறையா? மூன்றுக்கு மூன்று! ஏழாவது வோட்டு தர்மபுரத்தில். ஏழு மாதம் காத்திருந்தோம். "தர்மபுரம் ஐயாவின்ர ஊர், அவை ஐயாவுக்குத்தானே போடுவினம், பேந்தென்ன காத்திருப்பு? நாங்கள் விலகுறம்" என்று சுதாகரன் கடிதமே எழுதிவிட்டார். உண்மைதான், எழுபத்தேழுக் கலவரத்தில் தோட்டத்தை விட்டு வந்த ஐயா பதினெட்டு வருடம் பயிர் செய்த மண் அது.

கடிதம் வந்தது. பிரித்தோம். தர்மபுரம் ரொறன்ரோவுக்குப் போட்டிருந்தது!

எங்கள் ஆயிரத்து எண்ணூறு பக்கமும் முதலிலிருந்து திரும்ப ஏற்ற வேண்டும். எனக்கு வந்த கோபத்தில் கதிரையைத் தூக்கி எறியப் பார்த்தேன். ஐயா என்ன செய்தார் தெரியுமா? கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்! "தோத்துட்டோம் யஹ்யா, சுத்தமாத் தோத்துட்டோம்! ரொறன்ரோ முறையிலதான் அவங்க கொப்பி மாதிரியே கட்டத்துக்கு ஒரு எழுத்து வருதாம். சரியாத்தான சொல்றாங்க?" என்றார். அடுத்த நாளே முதல் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்துவிட்டார். ரொறன்ரோ விலகவில்லை. பிறகு விலகும் கதையையே யாரும் எடுக்கவில்லை.

அப்படியென்றால் எனக்கு ஏன் இவ்வளவு பாரம்? இந்த வருடம் வைகாசியில் ஒரு சங்கம், பேர் சொல்ல மாட்டேன், ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. கணினி இல்லாத சங்கத்துக்கு வோட்டு இல்லை, பார்வையாளராக மட்டும் இருக்கலாமாம். கணினி இல்லாத சங்கம் எது? ஒன்றே ஒன்றுதான்! ஐயா அப்போதே ஆசுப்பத்திரியில். சாப்பாடு இறங்காது. கதைத்தால் இதைத்தான் கதைப்பார். "எங்கப்பாவுக்கு நடந்தது, நான் தலைவரா இருக்கிறப்பவே நடக்கப்போகுது பாத்தியா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அவர் மறைவதற்கு நாலு நாள் முன்பு ஐந்து சங்கங்களின் முடிவும் ஃபாக்ஸில் வந்தது, எங்களுடையதோடு ஆறு. சைக்கிளை மிதித்துக்கொண்டு ஓடினேன். தீர்மானத்துக்கு ஆதரவு இரண்டு, எதிர்ப்பு நாலு! சுதாகரன் எதிர்த்துப் போட்டுவிட்டுக் கீழே எழுதியிருந்தார்: "ஒரு நிமிசம் பாத்துக்கொண்டு நிக்க நாங்கள் பழகியிட்டம் ஐயா." வாசித்துக் காட்டினேன். ஐயா மெல்லிய குரலில் கேட்டார்: "தர்மபுரம்?" இன்னும் வரவில்லை என்றேன். "அப்ப முடியல" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார்.

என்ன மனிதர் இவர்! தன்னுடைய விதியைத் தன்னுடைய சாவுக்காகக்கூட வளைக்கமாட்டேன் என்ற மனிதரை நாம் இனி எங்கே தேடுவோம்? முடிவு தெரியாமலே போய்விட்டாரே என்றுதான் எட்டு நாளும் நான் வெந்தேன். இன்று காலை பத்தரைக்கு என் கடைப்படியில் ஒரு பிள்ளை வந்து நின்றது. அங்கிருந்து வெளியே வரப் பாஸ் எடுக்கப் பத்து நாள், பிறகு பஸ்ஸிலும் சைக்கிளிலும் நடையுமாக மூன்று நாள். தர்மபுரச் சங்கச் செயலாளர் சிவரூபி. எழும்புங்கோ பிள்ளை, எல்லாரும் பாக்கட்டும்! கடிதத்தை அவர்கள் எழுதும்போது ஐயா உயிரோடு இருந்தார். இங்கே வந்துதான் பிள்ளைக்குச் செய்தி தெரியும். விதிப்படி கடிதத்தை நான் பிரிக்கவில்லை. இப்போது உங்கள் முன்னால் பிரிக்கிறேன்.

"மதிப்புக்குரிய தலைவர் சுடலைமுத்து ஐயாவுக்கு. எங்களை வைச்சிருக்கிறதோ விடுறதோ எண்ட விசயத்தில நாங்களே வோட்டுப் போடுறது முறையில்லை எண்டு நாலு பேரும் கதைச்சு முடிவெடுத்தம். ஆனபடியால் எங்கட வோட்டை ஒரு பக்கத்துக்கும் போடேல்லை. வேலையைப் பாத்து மற்றவை முடிவு செய்யட்டும். இத்தோட இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம் அனுப்புறம். போன கொப்பியில அறுபதாம் பக்கத்தில ஒரு வரி விட்டுப்போட்டம், மன்னிக்கவும்."

கேட்டீர்களா? கேட்டீர்களா! இவர்களிடமிருந்தா வோட்டைப் பறிக்கப் பார்த்தார்கள்? இரண்டுக்கு நாலு. தீர்மானம் தோற்றது. தர்மபுரம் இருக்கிறது. ஐயா, இப்ப முடிஞ்சுது. நிம்மதியாப் போங்கோ.

அந்த இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் முதல் பக்கத்தை நாளைக்குக் காலை என் கையால் ஏற்றுவேன். எட்டாவது சங்கம் வரட்டும், எண்பதாவது வரட்டும், கடைசிச் சங்கத்தின் பேரையும் கூப்பிட்டுக் காத்திருப்போம். இது என் வாக்கு. உங்கள் வாக்காகவும் இருக்கட்டும்.

இனி எல்லோரும் எழும்புங்கள். மௌன அஞ்சலியை அவர் முறையிலேயே செய்வோம். தர்மபுரம்?

பார்த்தீர்களா, ஒரு நொடிகூட ஆகவில்லை. "இருக்கிறம்" என்று பிள்ளை சொல்லிவிட்டாள். ஐந்து வருடத்தில் இதுதான் முதல் தரம்.

கடைசியாக அவர் கூப்பிடுவது தன் சங்கத்தை. கூப்பிட்டுவிட்டுத் தானே பதிலும் சொல்லுவார். வவுனியா?

ஒரு முழு நிமிடம் நிற்போம்.

நிமிடம் முடிந்தது. ஓம் ஐயா. வவுனியா இருக்கிறம்.