கல்லேரிக்குப் போன அண்ணாமலை

ஹலோ... ஹலோ... கல்லேரி எண்ணெய் மில்லுங்களா? ... ஆமாங்க, ஆமாங்க, ட்ரங்க் கால்தான். கீழ்பென்னாத்தூர் போஸ்டாபீஸ்லேர்ந்து பேசறேன். என் பேரு சக்கரபாணி. இங்க கண் முகாம்ல இருக்கற காலேஜ் ஸ்டூடண்ட்டு. ... இல்லீங்க, டாக்டர் இல்ல. கஞ்சி குடுக்கறது, மருந்து ஊத்தறது, கையப் புடிச்சி கொல்லைக்குக் கூட்டிட்டுப் போறது... ஆமாங்க, அந்தப் பசங்கதான். ... நீங்க? ... கணக்கப்பிள்ளை ராமதாஸ். நல்லதுங்க.

சார், உங்க ஊர்ல அண்ணாமலைன்னு ஒரு பெரியவரு, கண் ஆபரேஷன் பண்ணிக்கினு வியாழக்கெழம வந்தாரு இல்ல... ஆமாங்க, ரெண்டு கண்ணுலயும் கட்டு... மில்லுக்கு எதுத்த வீடா? நல்லதாப் போச்சி. நல்லா இருக்காரா? ... சந்தோஷம். சார், அவரு உங்க ஊரு அண்ணாமலை இல்லீங்க.

... ஹலோ? ... இருக்கீங்களா? ... ஆமாங்க, வேற ஆளு. உங்க அண்ணாமலை இங்க என் பக்கத்துல பெஞ்சில ஒக்காந்துனுருக்காரு. கட்டோட. ... திட்டறது கேக்குதா? ... ஆங், அவருதான்.

எப்டின்னா... மழைல முகாம் நடக்கற ஸ்கூல் ஓடு ஒழுவ ஆரம்பிச்சிடிச்சி. ஆபரேஷன் பண்ண கண்ணுல தண்ணி படக்கூடாது. அதனால கட்டோட வீட்டுக்குப் போங்க, ஞாயித்துக்கெழம காலைல வந்தா டாக்டரே பிரிப்பாருன்னு அனுப்பிச்சோம். சட்டைல பேரு எழுதிக் குத்தினது நான்தான். ... பேரு மட்டும்தாங்க. ஊரு எழுதணும்னு தோணல. ... ஆமாங்க, இந்தப் பக்கம் மலையப் பாத்துப் பேரு வெக்கறவங்க ஜாஸ்தி. ... தெரியும்ங்க. எங்கப்பா பேரும் அதான்.

நான் தப்பா குடுத்தது சரி சார், கூட்டிட்டுப் போன மருமகளுக்குத் தெரியாதா? ... பொன்னியா பேரு? ... ஓ. கல்யாணம் போன மாசம்தானா. ... மாமனார் மொகத்த நிமிந்து பாக்கறதில்லியா. ஒரு தடவ கூடவா? ... காலை மட்டுந்தான் பாத்திருக்குதா. ... சார், வெவசாயம் பண்றவங்க காலு எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். ... புருசன் வந்தா பாத்திருப்பாரே? ... பம்பாய் லாரில போயிருக்காரா. சரி, சரி.

இங்க நெலம என்னான்னா, அங்க இருக்கற பெரியவரோட சம்சாரம் ராஜம்மான்னு. பஸ் ஓடாம இன்னிக்குத்தான் வந்து சேந்தாங்க. கூட்டிட்டுப் போங்கம்மான்னு உங்க அண்ணாமலைய நீட்டினேன். இது எங்க வீட்டுக்காரரு இல்லடா தம்பின்னாங்க. ... அழலீங்க. என் பக்கத்துல நின்னு மொறைக்கறாங்க.

சார், சிரிக்காதீங்க. டாக்டரு நாளைக்கி மத்தியானம் கெளம்பிடுவாரு. அதுக்குள்ள அவரு இங்க வரலன்னா கண்ணு போயிடும். வேற யாரும் கட்டத் தொடக்கூடாது. எதுத்த வீடுதான, ரெண்டு பேரையும் கூட்டிட்டு வாங்க, நான் லைன்லயே இருக்கேன். ... ஆமா ஆபரேட்டரம்மா, இன்னும் மூணு நிமிஷம் எக்ஸ்டென்ஷன் குடுங்கம்மா. எமர்ஜென்சி...

... இல்லம்மா, ஒங்க வீட்டுக்காரரு நல்லாத்தான் இருக்காராம். கொஞ்சம் பொறுங்க...

ஹலோ... வந்துட்டாரா? அவருகிட்ட இது அவரு வீடு இல்லன்னு பக்குவமா சொல்லுங்க. ... தெரியுமா? மொதல் நாள்லேர்ந்தே தெரியுமா? அப்புறம் ஏன் வாயே தொறக்கல? ... என்னாது? ... கவர்மெண்டு குடுத்த மருமகன்னு நெனச்சாரா? ... சார், அப்டி ஒரு திட்டம் இல்லீங்க. கண்ணாடி ஒண்ணுதான் எலவசம். மருமக எல்லாம் நாங்க குடுக்கறதில்ல. ... நாளைக்கி வரைக்கும் இருக்கலாம்னு அவரா முடிவு பண்ணிக்கினாரா?

வர மாட்டேன்றாரா. சம்சாரம் காத்துனுருக்காங்கன்னு சொல்லுங்க. ... அதனாலதான் வர மாட்டேன்றாரா. ... அம்மா, வரலன்னு... சரி, சொல்றேன். சார், அவரு வரலன்னா ராஜம்மாவே கெளம்பி அங்க வராங்களாம். ... எழுந்துட்டாரா. துண்டக் கேக்கறாரா. நல்லதுங்க.

அப்ப வண்டி கட்டச் சொல்லுங்க. ... ஏன்? பொன்னி ஏன் கட்ட மாட்டேன்னுது? ... பஸ்ஸும் இல்ல, அது வண்டிய உட்டா வேற வழியே இல்லியே சார். ... என்னாவாம்? ... மெதுவா சொல்லுங்க. ... அந்தப் பெரியவரு ஒவ்வொரு வேளையும் சோத்துல கை வெக்கறதுக்கு முன்னாடி, நீ சாப்டியாம்மான்னு கேக்கறாரா. ... ஆமா. ... அந்த வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து அத யாரும் கேட்டதில்லியா. ... அவரக் கொண்டாந்து உட்டா மாமனாரக் கூட்டிட்டுப் போவணும், அதுக்கு வரலன்னுதா.

... அம்மா, என்னான்னா... ஆமாம்மா, உங்க வீட்டுக்காரருதான் கேக்கறாராம். ... உங்கள கேட்டதே இல்லியா? ... வேணாம்மா, இப்ப இத அங்க சொன்னா திரும்பவும் ஒக்காந்துக்குவாரு.

ஹலோ, சார்... பொன்னிகிட்டக் கேளுங்க. மாமனாரு கேட்டா வருமா? ... இல்லீங்க, நான் சொல்லித் தர மாட்டேன். ... சத்தியமா. ... அவரே, இப்பவே, போன்ல. சரி. இருங்க.

ஐயா. ஐயா, இப்டி திரும்புங்க. உங்க மருமக பொன்னி லைன்ல இருக்குது. நீங்க ஒரு வார்த்த கேட்டாத்தான் வருமாம். ... கௌரவம் எல்லாம் நாளைக்கிப் பாத்துக்கலாம் ஐயா, கண்ணு ரெண்டு பேருதும் போயிடப் போவுது. ... உங்களுக்கு டாக்டர் இங்கயே பிரிச்சிடுவாரு, நெசந்தான். அந்தப் பெரியவரு கண்ண நெனச்சிப் பாருங்க. ... என்னா கேக்கணும்னா... அது தெரிஞ்சிருந்தா நீங்க இங்க ஒக்காந்துனு இருக்க மாட்டீங்க. யோசிங்க.

... சார், வெச்சிடாதீங்க. யோசிக்கறாரு. ... ஆமாங்க, திட்டறத நிறுத்திட்டாரு.

இந்தாங்க ஐயா, புடிங்க. ... அது வாய் பக்கம். திருப்புங்க. ... ஆங். பேசுங்க.

... ஐயா, நான் சாப்டேன் ஐயா. என்னக் கேக்காதீங்க. அந்தப் பக்கம் இருக்கறதக் கேளுங்க. ... அதேதான், இன்னொரு தடவ. கொஞ்சம் சத்தமா.

... குடுங்க. ஹலோ, சார்? கேட்டிச்சா? ... என்னா பண்ணுது? ... அழுவுதா. அழுதுனே பதில் சொல்லுதா. ... என்னாவாம்? ... ஐயா, இன்னும் சாப்டலியாம். ... சார், சாப்ட்டே கெளம்பச் சொல்றாரு. அவசரம் இல்லியாம், இவரு கஞ்சி குடிச்சிட்டு ஒக்காந்துனுருப்பாராம். ... கட்டிடிச்சா வண்டி? சரிங்க. சரி. வெச்சிடறேன்.