எங்கள் ஊழியர் உங்களுடன் இருக்கிறார்

உங்கள் அறைக் கதவின் வெளிப்பக்கத்தில் ‘தள்ளவும்’ என்று எழுதியிருக்கிறது. கைப்பிடியோ இழுப்பதற்கென்றே செய்தது. வந்து உட்கார்ந்ததிலிருந்து கவனிக்கிறேன். யார் வந்தாலும் கதவு முதலில் ஒரு முறை அந்தப் பக்கமாக ஆடுகிறது, பிறகுதான் திறக்கிறது. நீங்கள் வந்தபோதும் ஆடியது. இந்த அலுவலகத்தில் எத்தனை வருடமாக இருக்கிறீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்டால் உங்களுக்குத்தான் சங்கடம்.

குறையாகச் சொல்லவில்லை. இப்படிப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. ஒரு இணையதளத்தை ஊர் பார்க்கத் திறந்துவிடுவதற்கு முன்னால், தெருவில் போகிறவர்கள் மாதிரி நாலு பேரைக் கூப்பிட்டு உட்கார வைப்பேன். ‘இதில் இன்ன வேலையைச் செய்யுங்கள்’ என்று சொல்லிவிட்டு எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்ப்பேன். தளத்தோடு ஒட்டவைக்கும் சின்னச் சின்ன நிரல்களை எங்கள் ஆட்கள் ப்ளகின் என்பார்கள். அவற்றையும் இப்படித்தான் சோதிப்பேன். இந்த வேலைக்கு ஒரே ஒரு விதி. சோதனை நடக்கும்போது உதவி செய்யக் கூடாது. செய்துவிட்டால் தளத்தில் எங்கே கோளாறு என்பது தெரியாமல் போய்விடும். வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன்: "சோதிக்கறது தளத்தைத்தான், உங்கள இல்ல. தப்பாப் போனா அது தளத்தோட தப்பு."

அது சும்மா மனம் நோகாமல் இருக்கச் சொல்வது. தப்பு எப்போதும் அவர்களுடையதுதான். ஒரு பள்ளி ஆசிரியர் திரையை விரலால் தட்டிக்கொண்டே இருந்தார். அது தொடுதிரை இல்லை என்று அவருக்குக் கடைசிவரை தோன்றவில்லை. வங்கியில் வேலை பார்க்கும் ஒரு அம்மா, ‘தவறான எண்’ என்று திரையில் வந்ததும் அந்தக் கட்டத்திலேயே ‘மன்னிக்கவும்’ என்று அடித்தார். இவர்கள் கையில்தான் பிள்ளைகளும் பணமும் இருக்கின்றன. நான் சிரித்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, தலையாட்டி, குறித்துக்கொள்வேன்.

எனக்கு உதவியாக ஒரு பெண் இருந்தாள். அவளை ஆபீசில் எல்லாரும் ‘கரிசனம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரை வைத்தது நான். வருகிறவர்களுக்கு நாற்காலியை இழுத்துப் போடுவாள், மின்விசிறியைத் திருப்பி வைப்பாள், சாப்பிட்டீங்களா என்று கேட்பாள். கேலிக்கு வைத்த பெயர்தான். அவள் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டாள். அந்த அளவுக்குத்தான் விவரம்.

வீட்டில் இருக்கும் நோயாளிகளுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் வாடகைக்குக் கொடுக்கும் கடை ஒன்றின் தளம் எங்களிடம் வந்தது. அதில் இரண்டு ப்ளகின். முதலாவது, சிலிண்டர் கேட்டு எழுதும் படிவம். விவரத்தை நிரப்பி ‘சேமி’ என்பதை அழுத்தினால் பச்சை நிறத்தில் ஒரு டிக் வரும். ஆனால் அதோடு முடியவில்லை. கீழே இறங்கிப் போய் ‘அனுப்பு’ என்பதை அழுத்த வேண்டும். அப்போதுதான் கடைக்குத் தகவல் போகும். இரண்டாவது ப்ளகின், வாடிக்கையாளர் தளத்தில் என்ன செய்கிறார் என்பதை இங்கிருந்தே நேரடியாகப் பார்க்க உதவுவது. யாராவது பார்க்கும்போது வாடிக்கையாளரின் திரையில் மேலே ஒரு வரி தோன்றும்: ‘எங்கள் ஊழியர் உங்களுடன் இருக்கிறார்.’ ஒளிந்திருந்து பார்த்தோம் என்ற பேச்சு வரக் கூடாதே, அதற்காக.

சோதனைக்கு வந்தவர்களில் ஒரு தையல்காரர் இருந்தார். சட்டைக் காலரில் நூல் கோர்த்த ஊசியோடு வந்தார். மனைவிக்கு நுரையீரல் போய்விட்டதாம், வீட்டில் சிலிண்டர் வைத்துத்தான் மூச்சு. கடைக்காரர் இனிமேல் எல்லாம் கம்ப்யூட்டரில்தான் என்று சொன்னதால் பழகிக்கொள்ள வந்திருந்தார். நிதானமாக நிரப்பினார். ‘சேமி’யை அழுத்தினார். பச்சை டிக் வந்தது. நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"முடிஞ்சுதுங்களா?" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. விதி அப்படி. அவர் என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். தோற்றுப்போன பிள்ளை வாத்தியாரைப் பார்க்கிற மாதிரி. அப்போது கரிசனம் குனிந்து, "அண்ணே, இன்னும் போகல. கீழ எறங்கிப் பாருங்க, அனுப்புன்னு ஒண்ணு இருக்கு" என்றாள்.

அவ்வளவுதான், சோதனை கெட்டது. வெளியே கூப்பிட்டுக் கேட்டேன், வீடு வீடாகப் போய் இப்படிச் சொல்லிக்கொடுக்கப் போகிறாயா என்று. "சொல்லிக் குடுத்தா என்ன சார் கொறஞ்சுடும்?" என்றாள். மேலாளரும் அவள் பக்கம் சாய்ந்தார். பச்சை டிக்குக்குக் கீழே சிவப்பில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: ‘இன்னும் அனுப்பவில்லை. கீழே அனுப்பு என்பதை அழுத்துங்கள்.’ சேர்த்தோம். அதற்குப் பிறகு உட்கார்ந்த யாரும் தவறவில்லை. கரிசனம் அன்று முழுக்கப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

தையல்காரர் கிளம்பும்போது என் சட்டைப் பையின் ஓரம் பிரிந்திருப்பதைப் பார்த்தார். "ஐயா, ஒரு நிமிஷம். பேனா விழுந்துடும்" என்று நான் வேண்டாம் என்பதற்குள் காலர் ஊசியை எடுத்துத் தைத்துவிட்டார். இந்தச் சட்டைதான். தையல் இன்னும் விடவில்லை. எனக்கு அப்போது தோன்றியது இதுதான்: ஊசிமுனையில் இவ்வளவு கவனம் வைக்கத் தெரிந்தவருக்கு, கண்ணெதிரே இருக்கும் ஒரு சொல்லைப் படிக்கத் துப்பில்லை.

தளத்தைத் திறந்துவிடுவதற்கு முன் கடைசியாகக் கை வைப்பவன் நான். அந்தச் சிவப்பு வரியை எடுத்துவிட்டேன். பக்கம் அசிங்கமாக இருந்தது. நீங்கள் உண்மையைக் கேட்பதால் சொல்கிறேன், அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் அவள் குனிந்து "அண்ணே" என்றது என் காதில் விழுந்தது. யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கவனிக்கவும் இல்லை. அவர்களும் படிக்கிறவர்கள் இல்லை.

தளம் திறந்த வாரத்தில் மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால், உள்ளே வந்தவர்கள் வரிசையில் தையல்காரரின் பெயரைப் பார்த்தேன். எனக்கு அது ஒரு வாய்ப்பாகத் தெரிந்தது. அதே ஆள், அதே வேலை, இந்த முறை குனிந்து சொல்ல யாரும் இல்லை. கெட்டுப்போன சோதனையைச் சுத்தமாக முடித்துவிடலாம். அவருடைய பக்கத்தை என் திரையில் திறந்தேன்.

அன்று நிரப்பிய மாதிரியே நிரப்பினார். ‘சேமி’யை அழுத்தினார். பச்சை டிக் வந்தது. அம்புக்குறி அசையாமல் நின்றது. சாய்ந்து உட்கார்ந்திருப்பார்.

கொஞ்சம் கழித்துக் குறிப்புக் கட்டத்தில் எழுத்துகள் ஒவ்வொன்றாக விழ ஆரம்பித்தன. நீங்கள் இப்போது அடிப்பதைவிட மெதுவாக.

‘ஐயா வணக்கம். நீங்க கூட இருக்கீங்கன்னு போட்டிருக்கு. தையக்காரன்தான். சிலிண்டர் கெளம்பிடுச்சுங்களா.’

பிறகு: ‘இருக்கற சிலிண்டர்ல முள்ளு செவப்புல நிக்குது. அவளுக்கு ஒதடு நீலமா இருக்கு.’

பிறகு: ‘நீங்க பாத்துக்கிட்டிருக்கறது தைரியமா இருக்கு. சாப்புடற நேரத்துல தொந்தரவு. மன்னிச்சுக்கங்க.’

எனக்கும் பதில் அடிக்க ஒரு கட்டம் இருந்தது. ‘கீழே’ என்று ஒரே ஒரு சொல் போதும். அடிக்கவில்லை. அடித்திருந்தால் மறுபடியும் சோதனை கெட்டிருக்கும்.

சாப்பிடப் போனேன். அவருடைய பக்கத்தை என் திரையில் மூடவில்லை. சாப்பாட்டு அறையில் கரிசனம் எதிரில் வந்து உட்கார்ந்தாள். தன் டப்பாவைத் திறந்து, வழக்கம்போல முதலில் என் பக்கம் நகர்த்தினாள்.

"அந்தத் தையக்கார அண்ணன் எப்பவாச்சும் ஆர்டர் போட்டாரா சார்?" என்று கேட்டாள்.

"இன்னும் போடல" என்றேன். அதில் பொய் இல்லை.

திரும்பி வந்தபோது கட்டத்தில் இன்னும் ஒரு வரி இருந்தது. ‘கதவத் தெறந்தே வெச்சிருக்கேன்.’ அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. அம்புக்குறி அப்படியே நின்றது. ‘வேலையை முடிக்கவில்லை’ என்று குறித்துவிட்டு மூடினேன்.

இரண்டாவது ப்ளகின் எல்லாவற்றையும் பதிவு செய்கிறது, யார் பார்த்தார்கள் என்பது உட்பட. தையல்காரரின் மனைவி இறந்த செய்தி கடை வழியாக வந்தபோது கரிசனம் அந்தப் பதிவைத் தேடி எடுத்துப் பார்த்திருக்கிறாள். உங்களிடம் புகார் கொடுக்க வந்தவளும் அவள்தான். அதற்கு முன் என் மேசைக்கு வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "சார், அவருக்கு நீங்க பாக்கறீங்கன்னு தெரிஞ்சுருக்கு சார்" என்று மட்டும் சொன்னாள். வேலையை விட்டுவிட்டாள். தினமும் அந்தத் தையல்காரர் வீட்டுக்குப் போய்ச் சாப்பாடு கொடுத்துவிட்டு வருகிறாளாம். செத்தவளுக்கு அதனால் மூச்சு வந்துவிடாது. இதை அவளுக்கு யாராவது எடுத்துச் சொன்னால் நல்லது.

நீங்கள் சுற்றிச் சுற்றிக் கேட்பதை நானே நேராகச் சொல்லிவிடுகிறேன். மெதுவாகவே அடியுங்கள், இரண்டு விரலால் அடிப்பவர்களுக்குக் காத்திருந்து எனக்குப் பழக்கம் உண்டு. கடையின் தொலைபேசி எண் அந்தப் பக்கத்தின் அடியிலேயே இருந்தது. ஆம்புலன்ஸ் எண் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவர் ஏன் யாரையும் கூப்பிடவில்லை என்று உங்களுக்குப் புரியவில்லை. எனக்குத் தெரியும். மேலே தோன்றும் அந்த வரியையும் நான்தான் சோதித்தேன். ‘இதைப் பார்த்தவர்கள் வேறு வழி தேடுவதில்லை, பொறுமையாகக் காத்திருக்கிறார்கள்’ என்று அறிக்கையில் எழுதியவனும் நானே. கடைக்காரர் அதைப் படித்துவிட்டு மிகவும் சந்தோஷப்பட்டார். நான் மூடியிருந்தால் அந்த வரி மறைந்திருக்கும். அவர் போனை எடுத்திருப்பார். சாப்பிட எழுந்தபோது இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தேதான் திறந்து வைத்துவிட்டுப் போனேன். அந்த அம்மா இறந்ததற்குக் காரணம் நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள். மறுக்கப்போவதில்லை.

கையெழுத்துக்குப் பேனா தேட வேண்டாம். என் பையில் இருக்கிறது, பத்திரமாக.

ஒன்று மட்டும் சேர்த்து எழுதுங்கள். அவரைக் கைவிட்டுவிட்டேன் என்று கரிசனம் உங்களிடம் சொல்லியிருக்கிறாள். அது சரியில்லை. கடைசிவரை அவர் தனியாக இல்லை. நான் கூடவே இருந்தேன்.