அரிசி வாளிக்குள் ஒரு பொன் துண்டு

— சிவமலர், அரிசி வாளிக்குள்ளை ஏன் பிறேம் துண்டு கிடக்கு?

— வேலையாலை வந்த மனுசன் அரிசி வாளியை ஏன் கிண்டுறீங்கள்? சோறு மேசையிலை கிடக்கு...

— சோறு பிறகு. பல்கனி முழுக்கத் தேடியிட்டன். படத்துக்குப் பிறேம் அடிக்கிற எங்கடை கடையிலை மிஞ்சிற துண்டெல்லாம் நான்தானே பையிலை கொண்டந்து அங்கை போடுறனான். இது மட்டும் எப்பிடி இதுக்குள்ளை வந்தது?

— அது... வண்டு வராதெண்டு.

— வண்டுக்கு வேப்பிலை போடுவினம். பிறேம் போடுறதை இண்டைக்குத்தான் கேள்விப்படுறன்.

— சரி, சாமித் தட்டுக்கு முன்னாலை அடிக்க எடுத்து வச்சனான். இஞ்சை தாங்கோ.

— இது ஒரு சாண். தட்டு ரண்டு முழம்.

— அப்ப... ஊதுபத்தி குத்த.

— ஊதுபத்திக்குக் கறுப்புத் துண்டு கிடக்கு, வெள்ளை கிடக்கு. இது எனக்கு வேணும்.

— உங்களுக்கு எதுக்கு?

— சிரொக்கோ காத்துக்குக் குசினி யன்னல் அடிக்குதெல்லோ... ஆப்பு வைக்க.

— பொன் நிறத்திலை, இலை வெட்டின துண்டு யன்னலுக்கு ஆப்போ? கறிவேப்பிலைக் கண்டுக்கு முண்டு குடுத்த கறுப்பை எடுங்கோ.

— கண்டு சரிஞ்சிடும்.

— சரியட்டும்.

— அந்தக் கண்டைப் பிள்ளை மாதிரி வளக்கிற மனுசி சொல்லுற கதையோ இது? இழுக்காதையும், பூச்சு உரியும்.

— நீங்கள் விடுங்கோ முதல்லை.

— ஏலாது. நாளைக்குக் கடைக்குக் கொண்டு போகவேணும்.

— யன்னலுக்கு எண்டீங்கள்?

— ம்... யன்னலுக்கு வேறை பாப்பம்.

— எறியச் சொன்ன துண்டைத் திரும்ப ஏன் கடைக்கு...

— இந்த இலை வெட்டின பிறேம் இப்ப ஒரு இடத்திலையும் செய்யிறேல்லை. மிஞ்சினது இது ஒண்டுதான். ஆருக்கெண்டு கேளாதையும். சொல்லமாட்டன் எண்டு வாக்குக் குடுத்திட்டன்.

— ஒரு சாண் கட்டைக்கு வாக்கோ? எனக்கொண்டும் விளங்கேல்லை.

— எனக்கு மட்டும் விளங்குதோ? நீர் ஏன் அழுறீர்?

— அழேல்லை.

— பின்னை கண்ணிலை என்ன?

— நான் துப்புரவு செய்யப் போற என்ரை சிஞ்ஞோரா வீட்டு ஹோலிலை அவவின்ரை மனுசன்ரை படம் தொங்குது. பத்து நாளைக்கு முன்னம் தூசு துடைக்கேக்கை... பிறேமின்ரை மூலை கையோடை வந்திட்டுது.

— மூலையோ?

— மெல்லமாத்தான் துடைச்சனான், சத்தியமா. ஒரு மாதிரிச் செருகி விட்டிட்டு வந்திட்டன். செத்த மனுசன்ரை படம். அவவின்ரை முகத்தைப் பாக்கவே எனக்கு ஏலாமல் கிடக்கு. இத்தாலியிலை இருக்கிற பெர்மெஸ்ஸோ புதுப்பிக்க அவ தாற வேலைக் கடிதம் வேணும். நிப்பாட்டிப் போட்டா எண்டால்... உங்கடை பைக்குள்ளை அதே இலையைக் கண்டன். ஆருக்கும் தெரியாமல் ஒட்டிவிடலாமெண்டு...

— பொறும், பொறும். உம்மடை சிஞ்ஞோரா ஊண்டுதடியோடை, நீலக் கண்ணாடி போட்ட ஆளோ?

— ஓம். உங்களுக்கு எப்பிடித் தெரியும்? நீங்கள் கண்டதே இல்லையே.

— இண்டைக்குக் கண்டன். கடையடிக்கு, பொலிதேயாமாவுக்குப் பஸ்ஸிலை தனிய வந்து இறங்கி, கைலேஞ்சிக்குள்ளை ஒரு மூலையைச் சுத்திக்கொண்டு கடைக்கு வந்தவ. இதே இலை.

— ஐயோ... கண்டுபிடிச்சிட்டா. என்ன சொன்னவ?

— ஈஸ்டர் நேரம் படத்தைத் தூக்கிக் கொஞ்சப் போய்த் தானே விழுத்தினதாம். பசை பூசி ஒட்டி வச்சதாம். நேற்று அது திரும்பக் கழண்டு விழுந்திட்டுதாம்.

— அப்ப... நான் உடைக்கேல்லையோ?

— நீர் உடைக்கேல்லை. மகளுக்குத் தெரிஞ்சால் தனிய இருக்கேலாதெண்டு முதியோர் இல்லத்திலை விட்டிடுவாளாம், ஒருத்தருக்கும் சொல்லாதை எண்டு என்ரை கையைப் பிடிச்சவ.

— பாவம் மனுசி... என்னட்டைச் சொல்லியிருக்கலாமே.

— உமக்குத்தான் அவ பயம். வேலைக்கு வாற பிள்ளை பத்து நாளாத் தன்ரை முகத்தைப் பாக்குதில்லையாம், அது கண்டுபிடிச்சிட்டுது, மகளுக்குச் சொல்லத்தான் போகுதெண்டு மனுசி நித்திரை கொள்ளுறேல்லை.