இருபது மிதி

கருட சேவையைக் கைபேசியில் படம் பிடித்தபடி பின்னோக்கி நடந்து, பள்ளத்தில் விழுந்து பாதத்தை உடைத்துக்கொண்ட அறிவாளி நான். அறுவை சிகிச்சைக்குப் பிறகு மருத்துவமனையில் கால் பயிற்சிக்காகக் காத்திருந்தபோது, என்னைப் போலவே பாதத்தில் தகடு வைத்த நெசவாளி ஒருவரும் அவர் மனைவியும் பக்கத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“டாக்டர் கேட்டா தறிப் பக்கமே போகலன்னு சொல்லு.”

“கால் பூசணிக்காயாட்டம் வீங்கிக்கினு இருக்குது. நான் இன்னா சொல்றது?”

“தினம் இருபது வாட்டி பாதத்த அழுத்தச் சொன்னாரு. மிதிப்பலகையில அழுத்துனேன்.”

“இருபது வாட்டியில ஒரு சேலை முந்தானையே முடிஞ்சிடுச்சா?”

“எண்ணிக்கை மறந்துடுச்சிமா.”

“தகடு நகர்ந்தா மறுபடியும் அறுப்பாங்க. அப்புறம் தறியில உக்காரவே முடியாது.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த அம்மாள் திரும்பி, எனக்கு எப்படி உடைந்தது என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன்.

“அப்ப இவரே தேவலாம்.”