டேப் சுற்றிய காரட் பாட்டில்

“மூடி பலூனாட்டம் உப்பிப்போச்சுங்கக்கா” என்றாள் முன் இருக்கையில் இருந்த இளம்பெண். கணபதி நிறுத்தத்தில் நான் ஏறிய சோமனூர்ப் பேருந்து அது.

“எந்த மூடி கண்ணு?” என்றாள் அருகில் இருந்தவள்.

“உப்புத்தண்ணியில காரட்டும் பீன்ஸும் ஊறப்போட்டேனுங்க, கண்ணாடி பாட்டில்ல. காத்தே போகக்கூடாதுன்னு செல்லுல சொன்னாங்க. மூடிய முறுக்கி டேப்பும் சுத்திப்போட்டேன். அஞ்சு நாளாச்சு.”

“அடப்பாவமே! புளிக்கப் புளிக்க உள்ளார காத்து சேரும். வெடிச்சா கண்ணாடி தெறிக்குமே. எங்க வெச்சிருக்கற?”

“அவரு தலைமாட்டு செல்ஃபுலங்க. நைட்டெல்லாம் தறி ஓட்டிப்போட்டுத் தூங்கறாரு.”

தினமும் ஒருமுறை மூடியைத் தளர்த்திக் காற்றை வெளியேற்ற வேண்டும் என்பது எனக்குத் தெரியும். என்னை யாரும் கேட்கவில்லை.

மூன்றாவது அழைப்பில்தான் கணவர் எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

“ஏனுங்க, அந்தக் காரட் பாட்டில் பக்கம் போகாதீங்க! வெளிய வந்துருங்க!”

“அதத்தான் மடியில வெச்சு டேப்ப உரிச்சிட்டிருக்கறேன். ரசஞ்சோத்துக்குத் தொட்டுக்க ஒண்ணுமில்ல.”

“ஐயோ, தொடாதீங்க!”

‘டப்’பென்று ஒரு சத்தம். பிறகு எதுவும் கேட்கவில்லை.

“ஏனுங்க?” என்றாள். “ஏனுங்க?”

அருகில் இருந்தவள் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த நடத்துநரும் கையை நிறுத்தினார்.

“மூடி சீலிங்ல போய் அடிச்சுது” என்றார் கணவர், நிதானமாக. “பாட்டில் ஒடையல.”

அவள் அழத் தொடங்கினாள்.

“எதுக்கு அழுவற? காரட்டு நல்லாத்தான் புளிச்சிருக்குது. உனக்கு ரெண்டு துண்டு வெக்கட்டுமா, அம்மணி?”