விடுப்பில் இருந்த இருதயம்

அந்த ஒரு விளக்கு மட்டும் எரியட்டும்... அணைக்காதீர்கள். இது யாரோ எவரோ சொல்லிக் கேட்டதில்லை. நம் ஏமி இருக்கிறாளே, அவளுடைய அண்ணன் கெல்வினுக்கு நடந்தது. நம்பாதவர்கள் அவளிடமே கேட்டுக்கொள்ளலாம். பகலில் கேளுங்கள்.

இரவு ஒன்றே முக்கால். கிள்ளானிலிருந்து தெலுக் பங்லிமா காராங் போகும் சாலை. பகல் முழுக்க லோரிகள் முட்டி மோதும் இடத்தில் அன்று ஈ காக்கை இல்லை. தொழிற்சாலைக்குத் திரும்பும் முனை வந்ததும் கெல்வின் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். ஒரு வருடமாக அவன் அந்த முனையைப் பார்ப்பதில்லை.

காரணம் இருக்கிறது. கையுறைத் தொழிற்சாலையில் செர்வர் பார்க்கும் வேலை அவனுக்கு. அவனும் கூட வேலை பார்த்த இருதயம் அண்ணனும் இரவில் முறை மாற்றிப் பார்த்துக்கொள்வார்கள். செர்வர் படுத்தால் முறைக்காரருக்குப் போன் அடிக்கும், எடுக்காவிட்டால் அடுத்தவருக்குப் போகும். போன வருடம் ஓர் இரவு, கெல்வின் முறை... போன் அடித்தது. பார்த்தான். கவிழ்த்து வைத்துவிட்டுத் தூங்கினான்.

இருதயம் கிளம்பினார். அந்த முனையில் சிக்னல் போட்டுக் காத்து நின்ற காரைப் பின்னால் வந்த லோரி நசுக்கியது.

"போன் அடிக்கவே இல்ல அக்கா" என்று சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அவர் மனைவி செசிலியாவிடம் சொன்னான் கெல்வின். சாப்பிட உட்கார்ந்தால் அந்தப் பொய்தான் தொண்டையில் நிற்கும்.

இப்போது நிர்வாகம் புதிதாக ஒரு கண்காணிப்புக் கருவி வாங்கியிருந்தது. செர்வர்களையும் கதவுகளையும் ஒரே திரையில் காட்டும் பழைய கன்சோலோடு அதை இணைக்க வேண்டும். வேலை குறைந்த நேரத்தில்தான் செர்வரில் கை வைக்க முடியும், அதனால்தான் ராத்திரி. கெல்வின் வழக்கப்படி சப்பாத்தை செர்வர் அறை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனான். பழைய ஆள் பட்டியலை அப்படியே புதியதில் ஏற்றினான். அதில் இருதயத்தின் பெயரும் இருந்தது... அழிக்க யாருக்கும் கை வரவில்லை. பெயருக்கு எதிரே 'விடுப்பு' என்று போட்டு விட்டிருந்தார்கள்.

புதிய கருவிக்கு அந்த விடுப்பு தெரியவில்லை.

பச்சைப் புள்ளிகள் ஒவ்வொன்றாக வந்தன. சோதனைக்காக ஒரு சின்ன செர்வரை நிறுத்தினான். சிவப்பு. அவன் போன் அடிக்க வேண்டும்... அடிக்கவில்லை. திரையில் எழுத்து ஓடியது.

'அழைக்கப்படுபவர்: இருதயம்.'

இணைப்பு வெட்டிப்போட்ட எண்தானே, ஐந்து நிமிடத்தில் அழைப்பு தனக்கு வந்துவிடும் என்று மனசைத் தேற்றிக்கொண்டான். ஒரு நிமிடம்... இரண்டு...

'இருதயம் ஏற்றுக்கொண்டார். வந்துகொண்டிருக்கிறார்.'

செர்வரைத் திரும்ப ஓடவிட்டான். சிவப்பு மாறவில்லை. வாயிற்காவலர் ஷாஹுல் ஹமீதைக் கூப்பிட்டான்.

"அண்ணே, யாராச்சும் உள்ள வந்தாங்களா?"

"யாரும் வரல தம்பி. கேட் மட்டும் தானா தொறந்திச்சு. காரு ஒண்ணுமில்ல... சிக்னல் சத்தம் மட்டும் கேக்குது. டிக்... டிக்னு."

திரையிலும் கேட் திறந்திருந்தது. பிறகு படிக்கட்டுக் கதவு. பிறகு நடைபாதைக் கதவு. குளிர் அறை ஒத்துக்கொள்ளாமல் இருதயம் நெற்றியில் தேய்த்துக்கொள்ளும் தைலம்... அந்த வாசனை கதவிடுக்கு வழியாக வந்தது. வெளியே சப்பாத்தைக் கழற்றும் சத்தம். ஒன்று... இன்னொன்று. கைப்பிடி மெல்லக் கீழே இறங்கியது.

"அண்ணே..." கெல்வின் அழுதுவிட்டான். "அன்னைக்குப் போன் அடிச்சுச்சு அண்ணே. நான்தான் எடுக்கல."

கைப்பிடி பாதியில் நின்றது. எவ்வளவு நேரம் என்று அவனுக்குத் தெரியாது. பிறகு, புள்ளி பச்சையானது.

'சரிசெய்தவர்: இருதயம்.'

விடியும்வரை அவன் நாற்காலியை விட்டு அசையவில்லை. துப்புரவுக்காரர்களின் குரல் கேட்டதும்தான் வெளியே பாய்ந்து, இருட்டு நடைபாதையில் சப்பாத்துக்குள் காலை நுழைத்துக்கொண்டு ஓடினான். சப்பாத்து காலைக் கொஞ்சம் கடித்தது. பயத்தில் யார் அதைப் பார்க்கிறார்கள்.

நேராகச் செசிலியா வீட்டுக்குப் போனான். உள்ளே போகவில்லை. கிரில் கதவுக்கு வெளியே நின்றபடி சொன்னான்.

"போன் அடிச்சுச்சு அக்கா. நான் பொய் சொல்லிட்டேன்."

செசிலியா அவனைத் திட்டவில்லை. கிரில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ராத்திரி அவரு போனும் அடிச்சுச்சு, கெல்வின். அலமாரில சார்ஜ் இல்லாம கெடந்த போன். எழுந்து வந்து பாத்தா கதவு தொறந்து கெடக்கு... வாசல்ல வச்சிருந்த அவரு சப்பாத்தக் காணோம்."

"எந்த சப்பாத்து அக்கா?"

"கம்பெனி கொடுத்த கறுப்பு சப்பாத்துதான். கயிறு அறுந்துபோச்சுன்னு எடது காலுக்கு நீல நெட்வொர்க் வயர் கோத்திருப்பாரே, அது."

கெல்வின் குனிந்து பார்த்தான். இடது காலில் நீல வயர் அவிழ்ந்து தொங்கியது.

அவனுடைய சொந்தச் சப்பாத்து இன்றுவரை கிடைக்கவில்லை.